ஒரு படகும் நாற்பத்தொரு விதிகளும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு எங்கள் தெருவில் ஒரு படகை அளந்தேன்.

இருபத்தாறு அடி. என்னிடம் இருப்பது பதினைந்து அடி டேப். அதனால் நடுவில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, இரண்டு தவணையாக அளக்க வேண்டியிருந்தது. இருபத்தாறு அடியில் இரண்டரை அடி கேட்டுக்கு வெளியே, தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த இரண்டரை அடிதான் இந்த வாரக் கதை.

வழக்கமாகப் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருஷம் டாலி கிளார்க். கப்பலில் ஏறுகிற மூட்டை, இறங்குகிற மூட்டை எல்லாவற்றையும் எண்ணி எழுதுவது வேலை. ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. மாடிப்படி எண்ணுகிறேன், மாத்திரை எண்ணுகிறேன், பிரசங்கத்தில் போதகர் 'கடைசியாக' என்று எத்தனை தடவை சொல்கிறார் என்று எண்ணுகிறேன். மாத்திரை பற்றிப் போன வாரம் எழுதியதற்கு ஒன்பது பேர் கடிதம் போட்டிருந்தீர்கள். நாலு பேர் திட்டி. அதையும் எண்ணிவிட்டேன்.

இப்படிப்பட்ட ஆளை ஒரு குடியிருப்போர் நலச் சங்கம் சும்மா விடுமா? செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

எங்கள் நகரில் அறுபத்து நான்கு வீடுகள். தெருவிளக்கு ஏழு, எரிவது நாலு. சங்கத்துக்குப் பெயர் இருந்தது, சீல் இருந்தது. விதிகள்தான் இல்லை. குப்பையை யார் எங்கே கொட்டலாம், நாயை யார் வீட்டு வாசலில் நிறுத்தலாம், எதற்குமே எழுத்து கிடையாது. எழுத்து இல்லாத இடத்தில் எனக்கு மூச்சு முட்டும். மூன்று வருஷம் முன்பு, மிச்சிகனில் இருக்கும் என் மகனுக்குப் போன் போட்டேன். "உங்க ஊர்ல வீட்டுச் சங்கத்துக்கு ரூல் புக் உண்டுமாமே, ஒரு காப்பி அனுப்பு."

அனுப்பினான். அறுபத்தெட்டுப் பக்கம்! புல்லை எத்தனை அங்குலத்தில் வெட்ட வேண்டும், வாசல் கதவுக்கு எந்த ஏழு நிறம் அடிக்கலாம்... ஆஹா, இவர்களல்லவோ மனிதர்கள் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. உட்கார்ந்து தமிழில் எழுதினேன். நம் ஊருக்குப் பொருந்தாததை அடித்தேன். பனி அள்ளுவது பற்றி மூன்று விதிகள் — அடித்தேன். கிறிஸ்துமஸ் விளக்கை ஜனவரிக்குள் கழற்ற வேண்டும் என்று ஒன்று — எங்கள் தெருவில் அது ஜூன் வரை தொங்கும் — அதையும் அடித்தேன். மிச்சம் நாற்பத்தொன்று.

அதில் பதினேழாவது விதி இது: 'பொழுதுபோக்கு வாகனங்கள், படகுகள், அவற்றை இழுத்துச் செல்லும் வண்டிகள் ஆகியவற்றைத் தெருவிலோ, தெருவிலிருந்து கண்ணில் படும் இடத்திலோ நிறுத்தக் கூடாது.'

பனியை அடிக்கத் தெரிந்த எனக்குப் படகை அடிக்கத் தோன்றவில்லை. ஏன்? பனி நம்மிடம் இல்லை. படகு நம்மிடம் இருக்கிறதே! இருப்பதற்குத்தானே விதி வேண்டும்? அமெரிக்காவில் படகு என்றால் என்ன, இங்கே படகு என்றால் என்ன என்று நான் யோசிக்கவில்லை. யோசிப்பது டாலி கிளார்க் வேலை இல்லை.

சரி, படகுக்கு வருவோம்.

அது லூர்துவின் வள்ளம். இருபத்திரண்டாம் நம்பர் வீட்டில் வாடகைக்கு இருக்கிறான். நாற்பத்தைந்து வயது. விடிவதற்குள் கடலில் இருப்பான், மற்றவர்கள் இட்லி சாப்பிடும் நேரத்தில் திரும்பி வருவான். வீட்டுக்காரர் மஸ்கட்டில். லூர்து இங்கே குடிவந்த முதல் இரண்டு வருஷமும் வள்ளம் கடற்கரையில்தான் கிடந்தது. தெருவுக்கு அது வந்தது போன மழையில்.

அந்த மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பலர் வீட்டிலும் கட்டில் மிதந்திருக்கும். எங்கள் தெருவில் நாலடித் தண்ணீர். இரண்டாம் நாள் காலை, மினி லாரியில் வள்ளத்தை ஏற்றி, மெயின் ரோட்டில் இறக்கி, கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு லூர்து தெருவுக்குள் வந்தான். தனியாகத்தான் வந்தான். வீடு வீடாக நிறுத்தி ஆட்களை ஏற்றினான்.

நான் என்ன செய்தேன்? மொட்டை மாடியில் நின்று எண்ணினேன். மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில், நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு — துறைமுகத்துப் பழக்கம். எட்டு நடை. முதல் நடையில் ஆறு பேர், அடுத்ததில் ஏழு, அப்புறம் ஐந்து... மொத்தம் நாற்பத்தேழு பேர். தனியாக ஒரு நாய். சங்கத் தலைவர் பொன்ராஜ் அண்ணாச்சி நாலாவது நடையில் வேன் சாவியோடு ஏறினார். வேன் முங்கிப் போயிருந்தது.

ஆறாவது நடையில் நானும் என் மனைவி எஸ்தரும். அவள் கையில் பிரஷர் குக்கர். எதற்கு என்று கேட்டேன். "உங்க கையில ரசீது எதுக்கு?" என்றாள்.

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் கேட் கம்பிகளுக்கு மேலே ஈட்டி முனை வைத்தது. வெள்ளத்தில் திருடன் வந்துவிடுவானோ என்று முந்தின நாள் அதற்கு இரண்டு பூட்டுப் போட்டிருந்தேன். சாவி தண்ணீருக்குள் எங்கோ. அதனால் வள்ளத்தை மூடின கேட்டுக்கு மேலேயே இழுக்க வேண்டியதாயிற்று. ஈட்டி முனை தண்ணீருக்கு ஒரு விரல்கடை கீழே இருந்தது. யாருக்கும் தெரியவில்லை. கர்ர்ர் என்று ஒரு சத்தம். வள்ளத்தின் அடிப்பாகம் ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்தது.

லூர்து குனிந்து பார்த்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து ஓட்டைக்குள் திணித்தான். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, உக்காருங்க" என்றான். எஸ்தர் குக்கரால் தண்ணீர் இறைத்துக்கொண்டே வந்தாள். எங்களை இறக்கிவிட்டு, குக்கரைக் கடன் வாங்கிக்கொண்டு, அந்த ஓட்டையோடு இன்னும் இரண்டு நடை போனான். அதை மெயின் ரோட்டில் நின்று எண்ணினேன்.

தண்ணீர் வடிந்ததும் சங்கம் விழா எடுத்தது. லூர்துவுக்குப் பொன்ராஜ் அண்ணாச்சி பொன்னாடை போர்த்தினார். நான் பேசினேன், நாற்பத்தேழு என்ற எண்ணை ஆறு தடவை சொன்னேன். எல்லாரும் கைதட்டினோம்.

கிழிந்த வள்ளத்தைக் கடலில் இறக்க முடியாது. லூர்து அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, நீலத் தார்ப்பாயால் மூடி வைத்துவிட்டு, வேறொருவர் வள்ளத்தில் பங்குக்கு ஆளாகப் போக ஆரம்பித்தான். கிடைக்கிற ஓய்வு நாளில் கொஞ்சம் சுரண்டுவான், கொஞ்சம் தேய்ப்பான். ஓட்டையை அடைக்கப் பைபர் ஒட்டுகிற சாமான்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தான்.

எட்டு மாதம் ஆனது. தெரு காய்ந்தது. பொன்னாடையும் பழசாயிற்று. பொன்ராஜ் அண்ணாச்சியிடமிருந்து செயலாளருக்கு ஒரு புகார் வந்தது. 'வீட்டு எண் 22-இல் படகு. விதி 17. நடவடிக்கை எடுக்கவும்.'

பொன்ராஜ் அண்ணாச்சி யார் என்று சொல்லிவிடுகிறேன். உடன்குடிக்காரர். பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குக் கருப்பட்டிக் காப்பி அவர் செலவு. ஓய்வு பெற்றதும் ஒரு வேன் வாங்கினார். உள்ளே கட்டில், அடுப்பு, வாஷ்பேசின், மடக்கினால் மேஜை. வீடே சக்கரத்தில்! இந்தியா முழுவதும் சுற்றப் போவதாகச் சொன்னார். இதுவரை சுற்றியது குற்றாலம் ஒரு தடவை, குலசேகரன்பட்டினம் தசராவுக்கு ஒரு தடவை. மழையில் முங்கிய பிறகு ரிப்பேர் பார்த்தார்கள். இப்போது அவர் வீட்டு முன்னால் தெருவிலேயே நிற்கிறது. நீளம் இருபத்திரண்டு அடி. (ஆமாம், அளந்தேன்.) உள்ளே ஒரு பூனை இரண்டு தடவை குட்டி போட்டிருக்கிறது. மொத்தம் ஏழு குட்டி.

ஞாயிற்றுக்கிழமை கோயில், பூசை எல்லாம் முடிந்து கூட்டம். வந்தவர்கள் முப்பத்தெட்டு வீட்டுக்காரர்கள், என்னையும் சேர்த்து. லூர்து வாசலில் நின்றான். வாடகைக்காரர்களுக்கு ஓட்டு இல்லை என்பது சங்கம் பதிவான நாளிலிருந்தே இருக்கும் சட்டம்.

விதி பதினேழை நான் வாசித்தேன். முன்வரிசையில் இருந்த ஞானம் டீச்சர் கையைத் தூக்கினார். கணக்கு டீச்சராக இருந்தவர், அறுபத்தொன்பது வயது, குரல் இன்னும் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்.

"பொழுதுபோக்கு வாகனம்னு முதல்ல இருக்கே, அது யாரு? வேன்லா?"

"டீச்சர், வேன் எப்படி பொழுதுபோக்கு ஆவும்?" என்றார் பொன்ராஜ் அண்ணாச்சி. "அதுல நான் எங்கயாவது போயிருக்கேனா? போனாத்தான பொழுதுபோக்கு! அது சும்மா நிக்கி. குடும்ப வாகனம்."

"அப்ப வள்ளம் மட்டும் பொழுதுபோக்கா? அவன் பொழப்புல்லா அது?"

"பொழப்புன்னா பதினெட்டாம் விதி இருக்கு. தொழில் வாகனமும் கூடாது. செக்ரட்டரி, வாசிங்க."

வாசித்தேன். பொழுதுபோக்கு என்றால் பதினேழு. தொழில் என்றால் பதினெட்டு. எந்தப் பக்கம் திருப்பினாலும் வள்ளம் வெளியே. இரண்டிலும் சேராத வேன் உள்ளே. இவ்வளவு கச்சிதமாக விதி எழுதியவன் யார் என்று நானே ஒரு நிமிஷம் வியந்தேன்.

"மூக்குதான ஐயா வெளிய நீட்டுது?" என்றார் பின்வரிசையில் ஒருவர். "திருப்பி வைக்கச் சொல்லலாமே."

"திருப்பினா வால் நீட்டும்" என்றேன். நீளம் தெரிந்தவன் நான் ஒருவன்தானே!

வாசலிலிருந்து லூர்து சொன்னான்: "மூணு வாரம் போதும் அண்ணாச்சி. பைபர் ஒட்ட ஆரம்பிச்சிட்டா நடுவுல அசைக்க முடியாது. கடற்கரையில வெச்சு ஒட்டுனா மணலும் உப்புக்காத்தும் சேந்து ஒட்டவே ஒட்டாது. இங்கன இருந்து எடுக்கணும்னா ஓட்டையோட வித்துப்புடணும். ஓட்ட வள்ளத்த எவன் வாங்குவான்? வெறும் கூட்டு வெலைக்குத்தான் கேப்பான்."

"அதுக்குத்தான் ஏழு நாள் டயம் குடுக்கோம்" என்றார் பொன்ராஜ் அண்ணாச்சி, மிகவும் அன்பாக.

கை தூக்கச் சொன்னார்கள். எண்ணினேன். அகற்ற வேண்டும் என்று இருபத்தாறு கை. வேண்டாம் என்று ஐந்து. எதற்கும் கை தூக்காமல் காப்பி குடித்தவர்கள் ஆறு. செயலாளருக்கு ஓட்டு கிடையாது — எவ்வளவு வசதியான ஏற்பாடு!

ஆனால் எண்ணுகிற பழக்கம் இருக்கிறதே, அது ஒரு வியாதி. இருபத்தாறு கைகளையும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மனசு இன்னொரு கணக்குப் போட்டது. இதில் வள்ளத்தில் ஏறிய கைகள் எத்தனை? பத்தொன்பது.

சொன்னேனா? சொல்லவில்லை. நிகழ்ச்சி நிரலில் அது இல்லை.

ஞானம் டீச்சர் மட்டும் போகும்போது ஒரு தாளை என் கையில் திணித்துவிட்டுப் போனார். 'தெருவில் பொழுதுபோக்கு வேன். விதி 17. நடவடிக்கை எடுக்கவும்.' அதன் நகல் தலைவருக்கும்.

மறுநாள் நோட்டீஸை நானே எடுத்துக்கொண்டு போனேன். லூர்து வள்ளத்துக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான். தலைமுடி, மீசை எல்லாம் வெள்ளைத் தூசி. என்னை விட வயதானவன் போல இருந்தான்.

நோட்டீஸைப் படித்தான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"இந்தச் சட்டத்த எழுதுனது யாரு அண்ணாச்சி?"

"நாந்தான்."

"எங்கனருந்து எடுத்திய?"

"அமெரிக்கா. மகன் இருக்கற ஊரு."

"அங்கன கடல் உண்டுமா?"

"கடல் இல்ல. ஏரி. வீட்டுக்கு வீடு படகு வெச்சிருப்பான். வருஷத்துல பத்து நாள் தண்ணியில இறக்குவான்."

"மிச்ச நாளு?"

"வீட்ல நிக்கும்."

"அப்ப நிப்பாட்டக் கூடாதுன்னு சட்டம் போட்டது சரிதான்" என்றான். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அவன் முதலில் நிறுத்தினான்.

பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வேண்டும் என்றேன். (என்னைத் திட்டாதீர்கள். நகலில் கையெழுத்து வாங்குவது நடைமுறை.) கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான். பேனாவைத் திருப்பித் தரும்போது கேட்டான்:

"அன்னைக்கு மச்சுல நின்னு கோடு போட்டுக்கிட்டு இருந்தியளே... மொத்தம் எத்தன பேரு?"

இந்தக் கேள்விக்கு நான் தூக்கத்திலும் பதில் சொல்வேன். "நாப்பத்தேழு. எட்டு நடை."

"நாப்பத்தெட்டுலா?"

"இல்ல லூர்து. நான் தப்பா எண்ணமாட்டேன். நாப்பத்தேழு."

"என்னைய விட்டுட்டிய."

அவ்வளவுதான். மறுபடியும் வள்ளத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு தேய்க்க ஆரம்பித்துவிட்டான்.

நான் வீட்டுக்கு வந்தேன். நூற்றுப் பன்னிரண்டு காலடி. துறைமுகத்தில் எங்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இதுதான்: மூட்டையை எண்ணு. மூட்டை சுமக்கிறவனை எண்ணாதே, எண்ணினால் கணக்குக் குழம்பும். முப்பத்து நான்கு வருஷம் எத்தனை லட்சம் மூட்டை எண்ணியிருப்பேன் என்று சொல்ல முடியும். எத்தனை பேர் சுமந்தார்கள் என்று கேட்டால்... தெரியாது. யாரும் கேட்டதும் இல்லை. முதல் தடவையாக ஒருவன் கேட்டிருக்கிறான். அதுவும் நான் கொடுத்த நோட்டீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு.

ஒரு கணக்குத் தப்பு என்றால் மற்றவையும் தப்பாக இருக்குமோ? இந்தப் பயம் வந்தால் எனக்குச் சோறு இறங்காது. மத்தியானம் சங்கத்தின் மினிட்ஸ் புத்தகத்தை எடுத்து, ஆரம்பத்திலிருந்து எல்லா எண்ணிக்கையையும் சரிபார்க்க உட்கார்ந்தேன். மூன்று வருஷம் முன்பு விதிகளை நிறைவேற்றிய கூட்டம் வந்தது. எங்கள் பதிவுச் சட்டப்படி, புது விதி போட வேண்டுமென்றால் பாதிக்கு மேல் வீட்டுக்காரர்கள் வந்திருக்க வேண்டும். அறுபத்து நாலில் பாதிக்கு மேல் என்றால் முப்பத்து மூன்று. வருகைக் கையெழுத்துகளை எண்ணினேன். முப்பத்து மூன்று. சரியாக இருந்தது.

மறுபடி எண்ணினேன். மறுபடியும்.

"மூணு தடவ எண்ணியாச்சு" என்றாள் எஸ்தர், அரிசி புடைத்துக்கொண்டே. "நாலாவது தடவ எண்ணுனா கூடிருமா?"

கூடவில்லை. குறைந்தது. பத்தொன்பதாவது கையெழுத்து: 'லூர்து, வீட்டு எண் 22.' அந்த மாதம்தான் குடிவந்திருந்தான். நாலு பேர் முகம் பழகட்டுமே என்று வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, நோட்டு வந்ததும் எல்லாரையும் போலக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அவன் வாடகைக்காரன். வீட்டுக்காரர் கணக்கில் வரமாட்டான். அவனைக் கழித்தால் முப்பத்திரண்டு.

அதாவது, கூட்டமே செல்லாது. விதி பதினேழு செல்லாது. பதினெட்டும் செல்லாது. குப்பை, நாய், மோட்டார் சத்தம், நாற்பத்தொன்றும் செல்லாது.

எண்ண வேண்டிய நாளில் அவனை விட்டிருக்கிறேன். எண்ணக் கூடாத நாளில் சேர்த்திருக்கிறேன். இரண்டு நாளும் நான் தப்பே செய்யமாட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

எஸ்தரிடம் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "நல்லதாப் போச்சு. போய்ச் சொல்லுங்க."

"எப்படிச் சொல்லுதது? மூணு வருஷமா இத வெச்சு எத்தன நோட்டீஸ் குடுத்திருக்கேன் தெரியுமா? முப்பத்தாறு. கணக்குல தப்பே பண்ணாதவன்னு ஊர்ல பேரு. இந்தப் பக்கத்த வேற யாரும் பாக்கப் போறதில்ல..."

"பாக்கமாட்டாங்க" என்று ஒத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அரிசியில் கல் பொறுக்கினாள். அப்புறம், தலையைத் தூக்காமலே கேட்டாள்: "அன்னைக்கு அந்த கேட்டுல ரெண்டு பூட்டுப் போட்டது யாருங்க?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவசரக் கூட்டம் கூட்டினேன். நோட்டீஸ் கெடு முடிய ஒரு நாள் இருந்தது. என்னையும் சேர்த்து முப்பத்தைந்து வீட்டுக்காரர்கள். வாசலில் லூர்து. இந்த முறை உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். உட்காருவதற்கு ஓட்டு தேவையில்லையே!

எழுதி வைத்திருந்ததை வாசித்தேன். எண்ணியது நான், தப்பு என்னுடையது, விதிகள் நிறைவேறவே இல்லை. மூன்று நிமிஷம் ஆயிற்று. என் காது சூடாகிவிட்டது. முடித்தபோது யாரோ காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

பொன்ராஜ் அண்ணாச்சிதான் முதலில் பேசினார். முகம் கடுகடு என்று இருந்தது. ஞானம் டீச்சரின் புகார் நகல் அவர் சட்டைப் பையில் தெரிந்தது.

"ஏன்வே, இதெல்லாம் ஒரு கணக்கா? அப்ப பதினேழு செல்லாதா?"

"செல்லாது அண்ணாச்சி."

"வள்ளத்துக்கா?"

"எல்லாத்துக்கும்."

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். குரல் இறங்கியது. "வேனுக்கும்?"

"வேனுக்கும்."

அவர் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எழுந்தே நின்றுவிட்டார். "செக்ரட்டரி எவ்வளவு நேர்மையா ஒத்துக்கிட்டாரு பாருங்க! இப்படி ஒரு மனுஷன் எந்தச் சங்கத்துல இருக்கான்? விதி எல்லாம் ரத்து. படகு நோட்டீஸும் ரத்து. கை தூக்குங்க எல்லாரும்!"

தூக்கினார்கள். எண்ணிக்கையை ஞானம் டீச்சர் எடுக்கட்டும் என்று நான் உட்கார்ந்துவிட்டேன். முப்பத்து நாலு என்றார். ஒரு கை கூடக் குறையவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வள்ளத்தைத் துரத்திய கைகளும் இதில் இருந்தன. எதற்காக இப்போது தூக்கினார்கள் என்று நான் கேட்கவில்லை. நல்ல காரியம் எந்த வாசல் வழியாக வந்தால் என்ன?

விதி இல்லாத தெரு எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? மூன்றே நாளில் ஒன்பதாம் நம்பர் வீட்டு முன்னால் கருவாடு காய்ந்தது. நாலாம் நம்பர் நாய் என் வாசலைத் தேர்ந்தெடுத்தது. தினமும். ஆறு நாற்பதுக்கு. புதிதாக விதி எழுத ஐந்து பேர் கமிட்டி போட்டிருக்கிறார்கள், என்னைச் சேர்க்கவில்லை. முதல் வரைவு வந்துவிட்டது. 'படகுகள் நிறுத்தக் கூடாது — மழைக்காலம் நீங்கலாக' என்று இருக்கிறதாம். லூர்துவிடம் சொன்னேன். "அப்ப மழை என்னைக்கு வரும்னு அண்ணாச்சியே போர்டுல எழுதிப் போட்டிருங்க, கொண்டாந்திருதேன்" என்றான்.

அவனுக்கு இருபத்து மூன்று நாள் ஆயிற்று. தெரு முழுக்க பைபர் ஒட்டுகிற ரெசின் பசையின் நாற்றம். ஒருவரும் புகார் கொடுக்கவில்லை, கொடுக்க விதி இல்லையே! கிழிசல் இருந்த இடத்தை வெயிலில் நானும் தடவிப் பார்த்தேன். எங்கே ஒட்டியிருக்கிறான் என்று விரலுக்குத் தெரியவில்லை.

நேற்று முன்தினம் காலை, வள்ளத்தை ஏற்றிப்போக லாரி வந்தது. தெருவுக்குள் நுழைய முடியவில்லை. வேன் வழியில் நின்றது. பொன்ராஜ் அண்ணாச்சி சாவியோடு ஓடிவந்தார். திருகினார், திருகினார், திருகினார். ஒரு முனகல்கூட இல்லை. உள்ளேயிருந்து பூனை இறங்கிப் போனது.

"தள்ளுங்கப்பா!" என்றார்.

தள்ளினோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும். லூர்துதான் பின்னால் நடுவில் நின்று முதுகைக் கொடுத்தான். அவன் வள்ளம் வெளியே போக, அவனே வேனைத் தள்ள வேண்டியிருந்தது. நாற்பதடி நகர்ந்தது. அதற்கு இந்த வருஷத்தின் மிக நீண்ட பயணம்.

லாரியில் வள்ளத்தைக் கட்டிவிட்டு லூர்து முன்சீட்டில் ஏறினான். ஜன்னல் வழியே தலையை நீட்டினான்.

"அண்ணாச்சி, வேனத் தள்ளுனது எத்தன பேரு?"

"பதினொண்ணு" என்றேன். "உன்னையும் சேத்து."

சிரித்தான். லாரி போய்விட்டது. வீட்டுக்கு வந்து அந்தப் பழைய மின்கட்டண ரசீதைத் தேடி எடுத்து, பின்பக்கத்தில் ஒரு கோடு சேர்த்தேன்.

மாடியிலிருந்து பார்த்தேன். இருபத்திரண்டாம் நம்பர் முன்னால் இப்போது காலி. வள்ளம் வேலைக்குப் போய்விட்டது. பொழுதுபோக்கு மட்டும்தான் தெருவில் நிற்கிறது.